வைட்டான் போட்டால் போதுமா? ஓ-ரிங் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பம்ப் மூடியைக் கழற்றியதும் ஓ-ரிங், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளையம், பள்ளத்தை விட்டுத் துள்ளி வெளியே வந்தது. எடுத்துப் பார்த்தால், முந்தின நாள் காலை நான் போட்ட அதே பழுப்பு வளையம்தான், ஆனால் அளவு வேறு. விரல் மோதிரம் கைவளையலாகிவிட்டது போல இருந்தது. பள்ளத்தில் திரும்ப உட்கார வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. விரலால் அழுத்தினால் வேகவைத்த கிழங்கு மாதிரி அமுங்கியது. "அண்ணே, வைட்டான்தானே போட்டோம்?" என்று உதவிக்கு வந்த பையன் கேட்டான். வைட்டான்தான் போட்டிருந்தோம். அந்தக் குழாயில் போனது அசிட்டோன்.

அதற்கு முன் அங்கே இருந்தது கறுப்பு ஈபிடிஎம் வளையம். அது சாதா ரப்பர், இது விலை கூடின ரப்பர், எனவே நல்லது என்று நானாகவே முடிவுகட்டி மாற்றிவிட்டேன். பம்ப் பராமரிப்பில் இத்தனை வருடமாக இருக்கிறேன். இதே தப்பை மற்றவர்கள் செய்ததையும் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். "வைட்டான் போடு" என்பது அரை வாக்கியம். எந்தத் திரவம், எத்தனை டிகிரி, எந்த வகை வைட்டான் என்பது மீதிப் பாதி. அதை எப்படி நிரப்புவது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். வைட்டான் என்பது ஒரு வணிகப் பெயர். டூபாண்ட் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்தது, இப்போது கெமூர்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. இந்த ரப்பர் குடும்பத்தின் பொதுப்பெயர் எஃப்கேஎம். பழைய ஐரோப்பிய அட்டவணைகளில் எஃப்பிஎம் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். டாய்-எல், டெக்னோஃப்ளான், டைனியான் என்று வேறு பெயர்களில் வருபவையும் இதே குடும்பம். ஆகவே பில்லில் "வைட்டான்" என்று இல்லையென்றால் பதற வேண்டாம். எஃப்கேஎம் என்று மட்டும் எழுதி, எந்த வகை என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அப்போது கொஞ்சம் பதறலாம்.

ஃப்ளோரின் என்ன வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் ரசாயன அட்டவணையில் பாதியை மனப்பாடம் செய்யாமலே சொல்லிவிடலாம். சாதாரண ரப்பரின் முதுகெலும்பு கார்பன் சங்கிலி. அதைச் சுற்றி ஹைட்ரஜன் அணுக்கள். எஃப்கேஎம்மில் அந்த ஹைட்ரஜன்களில் பெரும்பகுதிக்குப் பதில் ஃப்ளோரின் இருக்கும். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 413 கிலோஜூல் தேவை. கார்பன்-ஃப்ளோரினுக்கு சுமார் 485. பிணைப்பு வலுவாக இருப்பதோடு, பருமனான ஃப்ளோரின் அணுக்கள் சங்கிலியைக் கவசம் போல மூடிக்கொள்கின்றன. வெப்பம், ஓசோன், வெயில், பெட்ரோல், எண்ணெய் எல்லாவற்றுக்கும் அது தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

ஆனால் ஹைட்ரஜன் முழுவதும் போய்விடவில்லை. மீதமிருக்கும் ஹைட்ரஜன் குளிரிலும் இந்தப் பொருள் வளைய உதவுகிறது, வல்கனைஸ் ஆகவும் (சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதிப்படவும்) இடம் கொடுக்கிறது. அதுவே பலவீனமும். காரமோ அமீனோ (அம்மோனியா இனத்து ரசாயனம்) வந்தால் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனையும் பக்கத்து ஃப்ளோரினையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாகி, ரப்பர் கறுத்து, இறுகி, கடைசியில் கீறல் விடும். அசிட்டோன் கதை வேறு. எஃப்கேஎம் மின்முனைவு கொண்ட ரப்பர் (மூலக்கூறில் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்சாயல்), அசிட்டோனும் மின்முனைவு கொண்ட கரைப்பான். இனம் இனத்தோடு சேரும்: கரைப்பான் ரப்பருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், ரப்பர் உப்பிவிடும். அங்கே பிணைப்பு எதுவும் உடைவதில்லை. வெயிலில் காய வைத்தால் வளையம் ஓரளவு பழைய அளவுக்குச் சுருங்கக்கூடும். அதை எடுத்துத் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது

தயங்காமல் போடக்கூடிய இடங்கள்: பெட்ரோல், டீசல், மினரல் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், சிலிக்கோன் ஆயில், பென்சீன், டொலுயீன், சைலீன், கார்பன் டெட்ராகுளோரைடு, டிரைகுளோரோஎத்திலீன். அடர் கந்தக அமிலத்துக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் நன்றாக நிற்கும். டொலுயீனில் நைட்ரைல் ரப்பர் பஞ்சாகிவிடும். அங்கெல்லாம் எஃப்கேஎம்முக்கு ஈடு சொல்ல ஆள் குறைவு.

போடவே கூடாத இடங்களைத்தான் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். அசிட்டோன், மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கீட்டோன்கள். எத்தில் அசிடேட் போன்ற எஸ்டர்கள். பெயிண்ட் தின்னரில் இந்த இரண்டு இனமும் கலந்திருக்கலாம் என்பதால் "தின்னர்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். டைஎத்தில் ஈதர். அம்மோனியா, அமீன்கள். சூடான காஸ்டிக் சோடா. கலப்பில்லாத அசிட்டிக் அமிலம். அமிலம் என்றாலே எஃப்கேஎம்முக்கு ஆகும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி ஆளிடம்தான்.

இன்னும் இரண்டு இடங்கள் "ஆயில்" மாதிரித் தெரிந்து ஏமாற்றும். ஒன்று வண்டி பிரேக் திரவம். கிளைக்கால் அடிப்படையில் செய்தது, அதற்கு ஈபிடிஎம்தான். இன்னொன்று விமானங்களில் பயன்படும் பாஸ்பேட் எஸ்டர் ஹைட்ராலிக் திரவம். அதற்கும் ஈபிடிஎம்தான். தலைகீழாக, ஈபிடிஎம் வளையத்தில் பெட்ரோலிய கிரீஸ் தடவினால் அது ஊதிக் கெட்டுவிடும்.

பெயர் தெரியாமல் உள்ளே வரும் அமீனைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு பாய்லர் நீர்க் குழாயில் எங்கள் வளையங்கள் மட்டும் திரும்பத் திரும்ப இறுகிப்போயின. தண்ணீர்தானே, வெப்பமும் அளவுக்குள் இருக்கிறதே என்று மண்டையைக் குடைந்தோம். துரு பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் சேர்க்கும் மருந்தில் அமீன் இருந்தது. சில எஞ்சின் ஆயில்களில் சேர்க்கும் மருந்துகளிலும் அமீன் உண்டு. சூட்டோடு சேரும்போது அது மெல்ல மெல்ல வளையத்தைக் கடினமாக்கும். எனவே திரவத்தின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், குழாயைக் கழுவ எதைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். வருடம் முழுவதும் டொலுயீன் ஓடும் குழாயை ஒரு நாள் சூடான காஸ்டிக்கில் கழுவினால், வளையம் அந்த ஒரு நாளையும் சேர்த்துத்தான் தாங்கியாக வேண்டும்.

எந்த எஃப்கேஎம்

இரண்டு பொருள் சேர்ந்த சாதாரண வகையில் ஃப்ளோரின் 66 சதவீதம். மூன்றாவதாக டெட்ராஃப்ளோரோஎத்திலீன் சேர்த்த வகைகளில் 68 முதல் 70 வரை போகும். வைட்டான் பெயரிடலில் இவை முறையே ஏ, பி, எஃப். ஃப்ளோரின் கூடக் கூட ரசாயனம் தாங்கும் சக்தி கூடும், குளிரில் வளையும் தன்மை குறையும். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க மெத்தனால் நல்ல உதாரணம்: ஏ வகை அதில் ஊறினால் கன அளவு பாதிக்கு மேல் கூடிவிடும், எஃப் வகை சொற்பமாகத்தான் உப்பும். ஆல்கஹால் கலந்த எரிபொருளுக்கு "வைட்டான்" என்று மட்டும் எழுதி ஆர்டர் போட்டால் இங்கேதான் சிக்கல் வரும்.

வல்கனைஸ் செய்த முறையையும் கேளுங்கள். பிஸ்ஃபீனால் முறையில் செய்தது அழுந்திய பின் நன்றாக மீண்டு வரும், ஆனால் அதில் மெக்னீசியம் ஆக்சைடும் கால்சியம் ஹைட்ராக்சைடும் கலந்திருக்கும். அமிலத்துக்கும் வெந்நீருக்கும் அவைதான் நுழைவாசல். அமிலம், வெந்நீர் என்றால் பெராக்சைடு முறையில் செய்ததைக் கேளுங்கள். நீராவிக் குழாய் என்றால் எஃப்கேஎம்மோடு மல்லுக்கட்டாமல் ஈபிடிஎம் பக்கம் போவது நல்லது. காரம், அமீன், நீராவியோடு எண்ணெயும் சேர்ந்து வரும் இடத்துக்கு டெட்ராஃப்ளோரோஎத்திலீன்-புரொப்பிலீன் ரப்பர் இருக்கிறது. அஃப்லாஸ் என்ற பெயரில் தெரிந்திருக்கும். எல்லாம் சேர்ந்து, சூடும் 250 டிகிரியைத் தாண்டினால் எஃப்எஃப்கேஎம், அதாவது சங்கிலி முழுக்க ஃப்ளோரின் ஏறிய ரப்பர். கால்ரெஸ் அந்த இனம். அதன் விலையைக் கேட்ட பிறகு, குழாயின் வடிவமைப்பையே மாற்ற முடியுமா என்று நிர்வாகம் யோசிக்க ஆரம்பிக்கும். பெரும்பாலும் அது நல்ல யோசனைதான்.

வெப்பமும் குளிரும்

தொடர்ந்து 200 டிகிரி செல்சியஸ் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் உடனே செத்துவிடாது, ஆயுள் சுருங்கும். காற்றில் 232 டிகிரியில் 3000 மணி நேரம், 260-இல் 1000, 288-இல் 240, 316-இல் 48 மணி நேரம் என்பது வைட்டானுக்கு வழக்கமாகக் காட்டும் கணக்கு. 28 டிகிரி ஏறுவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆயுள் போய்விடுவதைப் பாருங்கள். "கொஞ்ச நேரம் கூடப் போனால் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவரிடம் இந்த எண்களைக் காட்டலாம்.

குளிரைப் பற்றிப் பேசுவார் யாரும் இல்லை. சாதாரண வகை மைனஸ் 20 வரை என்று அட்டையில் இருக்கும். அது உடையாமல் இருக்கும் எல்லை என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு வெகு முன்பே வளையம் சோம்பலாகிவிடும்: அழுத்தியதை விட்டால் மீண்டு வர நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் இடைவெளி திறந்தால் கசிவுதான். 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட சிறிது நேரத்தில் சிதறிப்போன சேலஞ்சர் விண்கலம் கிளம்பியபோது வெளி வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். பூஸ்டர் மூட்டில் இருந்த ஓ-ரிங்குகள் ஃப்ளோரின் ரப்பர்தான். பிறகு நடந்த விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியில் அழுத்தி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார்; கவ்வியைத் தளர்த்தியும் அது உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. குளிர்ந்த இடத்தில் நகரும் மூட்டு என்றால் விற்பவரிடம் டிஆர்-10 எண்ணைக் கேளுங்கள். உறைந்த ரப்பரைச் சூடாக்கிக்கொண்டே போகும்போது, இழுத்த நீட்சியில் 10 சதவீதம் மீளும் வெப்பநிலை அது. சாதாரண வகைக்கு இது மைனஸ் 17 டிகிரி வாக்கில் இருக்கும். ஜிஎல்டி போன்ற குளிர்கால வகைகளில் மைனஸ் 30 வரை இறங்கும்.

வந்த சரக்கு எஃப்கேஎம்தானா

நிறத்தை நம்பாதீர்கள். பழுப்பு, பச்சை எல்லாம் வழக்கம்தானே தவிர விதி கிடையாது. கறுப்பு எஃப்கேஎம் நிறைய உண்டு. பழுப்பு நிறத்தில் வேறு ரப்பரும் செய்யலாம். லைட்டரில் கொளுத்திப் பார்க்கும் பழைய ஆட்களும் இருக்கிறார்கள். அது ஏன் கூடவே கூடாது என்று பின்னால் சொல்கிறேன்.

நான் செய்வது அடர்த்திச் சோதனை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். வளையத்தை முதலில் சும்மா எடை போடுங்கள், 3.70 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். வளையத்தை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு 2.00 காட்டினால் அதுதான் வளையத்தின் கன அளவு, 2 கன சென்டிமீட்டர். 3.70-ஐ 2.00-ஆல் வகுத்தால் 1.85. எஃப்கேஎம் பெரும்பாலும் 1.8-க்கு மேலேதான் வரும். நைட்ரைல் 1.2, 1.3 பக்கம் நிற்கும், சிலிக்கோனும் 1.2 பக்கம்தான். வளையத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் குமிழி நிற்காது.

1.8-க்கு வெகு கீழே வந்தால் சந்தேகமே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். மேலே வந்தால் மட்டும் முழு உத்தரவாதம் இல்லை, கனமான மாவுப்பொருள் கலந்து மலிவு ரப்பரையும் எடை ஏற்ற முடியும். அப்போது ஒரு துண்டை வெட்டி அசிட்டோனில் ஒரு நாள் போடுங்கள். உண்மையான எஃப்கேஎம் கண்ணுக்குத் தெரியும்படி உப்பும், ஈபிடிஎம் ஏறத்தாழ அப்படியே இருக்கும் (நைட்ரைலும் உப்பும் என்பதால் இது ஈபிடிஎம்மை மட்டும்தான் பிரித்துக் காட்டும்). என்னை ஏமாற்றிய அதே குணம் இங்கே சாட்சி சொல்ல வருகிறது.

உங்கள் திரவத்தில் ஊற வைத்துப் பார்ப்பது

அட்டவணைகள் சுத்தமான ரசாயனத்துக்கு எழுதியவை. உங்கள் தொட்டியில் இருப்பது கலவை. எனவே புதுத் திரவம் வந்தால் நான் ஊற வைத்துப் பார்க்காமல் வளையம் வாங்குவதில்லை. முறையான சோதனைக்கு ஏஎஸ்டிஎம் டி471, ஐஎஸ்ஓ 1817 என்ற தரநிலைகள் இருக்கின்றன. அவற்றின் சாரத்தை மேசையிலேயே செய்யலாம். வளையத்தின் கன அளவை மேலே சொன்ன டம்ளர் முறையில் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் திரவத்தோடு போட்டு, மேலே தேதியும் நேரமும் எழுதி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எரியும் திரவம் இருக்கும் புட்டியைச் சூடுபடுத்தவே வேண்டாம். சூட்டில் சோதிக்க வேண்டுமென்றால் அதற்கான ஆய்வகத்தில் கொடுங்கள். 7 நாள் கழித்து எடுத்து, ஒற்றித் துடைத்து, உடனே திரும்ப அளக்க வேண்டும். கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் வளையமும் சுருங்கிக்கொண்டே போகும், டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் வேறு எண் கிடைக்கும்.

2.00 இருந்தது 2.08 ஆனால் 4 சதவீதம், தாராளமாகப் போடலாம். அசையாத மூட்டில் 15, 20 வரை பள்ளத்தில் இடம் இருந்தால் சமாளிக்கலாம். சுழலும், நகரும் இடத்தில் 10-க்கு மேல் நான் ஒத்துக்கொள்வதில்லை. சுருங்கியிருந்தால் உப்பியதைவிட மோசம், அழுத்தமே போய்விடும். விரலால் வளைத்தும் பாருங்கள். கன அளவு மாறாமல் கடினம் மட்டும் ஏறியிருந்தால் காரமோ அமீனோ வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பள்ளத்துக்குள் இடம் இருக்கிறதா

சூட்டில் எஃப்கேஎம் விரிவது எஃகைப் போலப் பத்து மடங்குக்கு மேல். இதைக் கணக்கில் எடுக்காமல் பள்ளம் வெட்டினால் வளையம் ஓரத்தில் பிதுங்கிக் கிழியும். 3.53 மில்லிமீட்டர் தடிமன் வளையம், 2.80 ஆழப் பள்ளம் என்றால் வளையம் அமுங்குவது ஏறத்தாழ 21 சதவீதம். அசையாத மூட்டுக்குச் சரியான அளவு. பள்ளத்தின் அகலம் 4.7 என்றால் அறை வெப்பத்தில் வளையம் பள்ளத்தின் 74 சதவீதத்தை நிரப்பும். 200 டிகிரிக்குப் போனால் அதுவே 80-ஐத் தாண்டும். திரவத்தில் 15 சதவீதம் வேறு உப்பினால் 93. அறை வெப்பத்தில் 85-க்கு மேல் நிரம்பும் பள்ளத்தை நான் தொடுவதே இல்லை.

மாட்டும்போது 5 சதவீதத்துக்கு மேல் இழுத்து நிற்க விடாதீர்கள். கூர்முனை ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். சிலிக்கோன் கிரீஸ் தடவலாம், இந்த ரப்பருக்கு அது ஒன்றும் செய்யாது. சூடாக இருக்கும்போது எஃப்கேஎம் சுலபமாகக் கிழியும் என்பதால் எந்திரம் ஆறும்வரை பொறுத்துக் கழற்றுங்கள்.

கழற்றிய வளையத்தைக் குப்பையில் போடும் முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பாருங்கள். மேலும் கீழும் தட்டையாகி அப்படியே நின்றால் சூடு அதிகம், அல்லது செய்தவர் சூட்டு அடுப்பில் (ஓவன்) வைத்து முழுதாக வேக வைக்கவில்லை. அச்சில் எடுத்த பின் 200 டிகிரிக்கு மேல் 16 முதல் 24 மணி நேரம் அந்த அடுப்பில் இருக்க வேண்டிய சரக்கு இது. ஓரம் எலி கடித்தது போல இருந்தால் உலோகப் பாகங்களுக்கு நடுவே இடைவெளி பெரிது. உள்ளே கொப்புளமும் வெடிப்பும் இருந்தால், அழுத்தத்தில் ரப்பருக்குள் புகுந்த வாயு அழுத்தம் திடீரென இறங்கியபோது வெளியேற வழியில்லாமல் கிழித்திருக்கிறது.

கருகிய வளையம்

கருகியோ உருகிப் பிசுபிசுத்தோ இருந்தால் வெறும் கையால் தொடவே தொடாதீர்கள். 300 டிகிரியைத் தாண்டிச் சிதையும் எஃப்கேஎம் ஹைட்ரஜன் ஃப்ளோரைடை விடும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். தோலில் பட்டவுடன் வலிக்காமலும் இருக்கலாம், பல மணி நேரம் கழித்து எலும்பு வரை போகும் வலியாக வரும். தீப்பிடித்த எந்திரம், தீப்பிடித்த வண்டி, வெல்டிங் சூடு பட்ட ஃபிளாஞ்ச் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நியோப்ரீன் கையுறையும் கண்ணாடியும் போட்டு, சுண்ணாம்பு நீரால் அந்த இடத்தைக் கழுவிய பிறகே கை வையுங்கள். தோலில் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தடவி, வலி இல்லையென்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த ஜெல் எங்கள் முதலுதவிப் பெட்டியில் எப்போதும் இருக்கிறது. பழைய வளையங்களைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது. லைட்டர் சோதனை வேண்டாம் என்றது இதற்குத்தான்.

புது வளையங்களை வெளிச்சம் படாத பையில், தொங்கவிடாமல், தட்டையாக வையுங்கள். ஐஎஸ்ஓ 2230 கணக்கில் எஃப்கேஎம்முக்கு 10 வருடம், பரிசோதித்த பின் இன்னும் 5 வருடம். நைட்ரைலுக்கு 7, பிறகு 3. பையின் மேல் ரப்பரின் பெயரோடு வகை, வல்கனைஸ் முறை, செய்த தேதி மூன்றையும் எழுதுகிறோம். ஒவ்வொரு பம்பின் கழுத்திலும் ஒரு தகட்டில் திரவம், வெப்பம், வளையம் என்று மூன்று வரி பொறித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். அசிட்டோன் பம்பின் தகட்டில் மூன்றாவது வரி "ஈபிடிஎம், கறுப்பு." அதற்குக் கீழே யாரோ ஆணியால் கீறி வைத்திருக்கிறார்கள்: "அண்ணனிடம் கேட்காதே."